வேனின் கடைசி சீட்

கேள்வி சுருக்கமாக இதுதான். பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து ஊர். கணவர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். ஐந்தாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையனை இந்த ஜூனில் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாவது சேர்த்திருக்கிறார்கள். வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பையன் ஒல்லி என்பதால் கூட வருகிற பசங்கள் ‘ஒடக்கான்’ (ஓணான்) என்று பேர் வைத்துவிட்டார்கள். பொடனியில் தட்டுகிறார்கள், சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கிக் காலி செய்கிறார்கள். முன்னால் நின்று நடத்துகிறவன் எட்டாவது படிக்கிறான். “என்ற வீட்டுக்காரர் ‘திருப்பி அடிச்சுட்டு வாடா’ங்கறார். மாமியார் ‘கண்டுக்காத சாமி’ங்கறாங்க. மாமியாரோட தம்பி, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டா தன்னால தைரியம் வந்துரும்ங்கறார். இது பசங்க விளையாட்டா, வேற ஏதாவதா? நான் என்னதானுங்க பண்றது?”

அம்மணி, விளையாட்டா என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு இல்லை. நான் 31 வருடம் இந்தப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் டீச்சராக இருந்தவள். திருப்பூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். இந்தக் கேள்வியை எத்தனையோ அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் தப்பான பதிலும் சொல்லியிருக்கிறேன். அதையும் பின்னால் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளின் சண்டைக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. கோபம் வந்தால் காய் விடுவார்கள், ஆறினால் பழம் விடுவார்கள். திங்கட்கிழமை காய் விட்ட இரண்டு பெண்கள் புதன்கிழமை ஒரே டப்பாவில் அரிசிம்பருப்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, யார் காய் விட்டாலும் பழம் விடுகிற வழி இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. உங்கள் பையனிடம் அந்த வழி இல்லை. அவன் எதை விட்டாலும் அந்த எட்டாவது பையன் நிறுத்தப்போவதில்லை. சண்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அடி பலமா லேசா, ரத்தம் வந்ததா வரவில்லையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

இதை முறையாக ஆராய்ந்து சொன்னவர் நார்வேயில் வேலை பார்த்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர். 1970களிலேயே ஆரம்பித்தவர். 1982 கடைசியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதும் அந்த நாடே உலுக்கப்பட்டு, 1983இல் இதை எதிர்த்துப் பள்ளிகள்தோறும் இயக்கம் தொடங்கியது. அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவனுக்கும் படுகிறவனுக்கும் பலம் சமமாக இல்லாதது. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. வயது, கூட்டம், இங்கிலீஷ், அப்பாவின் கார், சாதி, எல்லாம் பலம்தான். உங்கள் பையனுக்கு இந்த மூன்றும் பொருந்துகிறது. மலேசியத் தமிழர்கள் இதற்குப் ‘பகடிவதை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ‘டார்ச்சர் பண்றாங்க மிஸ்’ என்பார்கள். பெரும்பாலும் அதையும் சொல்ல மாட்டார்கள்.

பட்டப்பேரைப் பற்றி உங்கள் மாமியார் கேட்டிருக்கிறார், “நம்மூர்ல பட்டப்பேரில்லாம யாரிருக்கா?” என்று. நியாயமான கேள்வி. ஒரே ஊரில் ஏழு பழனிசாமி இருந்தால் பட்டப்பேர் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? எனக்கே பிள்ளைகள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய மாணவன் சொல்லித்தான் தெரியும். என்ன பேர் என்று இங்கே எழுதமாட்டேன். பட்டப்பேர் வலிக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ‘அப்படிக் கூப்பிடாதே’ என்று சொன்னால் நிற்கிறதா? நின்றால் அது கேலி. சொன்ன பிறகு இன்னும் சத்தமாக, இன்னும் நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டால் அது வேறு.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “வேன்ல இருந்து இறங்கினதும் ஷூவைக் கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடறான், அந்தக் கோபம் வேற எனக்கு.” அதை நான் இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாருங்கள், காலையில் நிரப்பியது அப்படியே இருக்கும். பள்ளிக் கழிப்பறையில் ஆசிரியர் இருக்க மாட்டார். அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வார்கள். ஆக, வேனில் மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். மற்ற அடையாளங்களும் இப்படித்தான், நேராக வராது. ஞாயிறு பொழுதோடு வயிற்று வலி ஆரம்பிக்கும், லீவு நாளில் வராது. ஜாமெட்ரி பாக்ஸ் மாதத்துக்கு இரண்டு தொலையும். சட்டைப் பொத்தான் அறுந்தால் ‘விளையாடும்போது’ என்பான். யாரிடமும் காட்ட முடியாத கோபத்தைத் தங்கச்சியிடம் காட்டுவான். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து, முன்பு இல்லாதது புதிதாக வந்திருந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கேட்கிற விதம் பற்றி. எதிரே உட்கார வைத்து “யார்றா அடிச்சா? சொல்லு!” என்றால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்யும்போதுதான் பேசுவார்கள். கடலைக்காய் உரிக்கும்போது, மாட்டுக்குத் தட்டு போடும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. கேள்வியும் பொதுவாக இருக்கட்டும்: “இன்னிக்கு வேன்ல யாருக்குப் பக்கத்துல உக்காந்தே கண்ணு?” “சாப்பிடறப்ப யாரெல்லாம் இருந்தாங்க?” ‘தனியா’ என்ற பதில் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அதுவே தகவல்.

அவன் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகாதீர்கள். “நீ என்ன பண்ணுனே மொதல்ல?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “சொன்னது நல்லதுடா சாமி. இது உன்ற தப்பில்ல. என்ன பண்றதுன்னு சேந்து யோசிக்கலாம்.” போதும். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். நாளைக்குப் பள்ளியில் பேசித்தான் ஆக வேண்டும், அப்போது அவனுக்குப் பொக்கென்று போய்விடும். ‘உன்கிட்டச் சொல்லாம எதுவும் செய்யமாட்டேன்’ என்பது காப்பாற்ற முடிகிற வாக்கு.

இப்போது உங்கள் வீட்டில் கொடுத்த மூன்று யோசனைகள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நான் கேலி செய்ய மாட்டேன். பையன் எல்லோரிடமும் குனிந்து போய்விடுவானோ என்ற பயத்தில்தான் ஒரு அப்பா அப்படிச் சொல்கிறார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 கிலோ ஆறாவது பையன், அவனைவிட இரண்டு வயது மூத்த பையனையும் அவனுக்குப் பின்னால் இருக்கும் மூன்று பேரையும் அடிக்க வேண்டும். அடித்துத் தோற்றால் வேன் முழுக்கச் சிரிக்கும். ஒருவேளை ஒரு அடி சரியாக விழுந்துவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் பெரியவர்கள் கண்ணில் எப்போதும் இரண்டாவது அடிதான் படும். ஆறு மாதம் பட்டவன் ஒரு நாள் திருப்பி அடித்ததற்காகப் பிரின்சிபால் ரூம் வாசலில் நிற்பான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. அப்பா ‘அடிச்சுட்டு வா’ என்று சொல்லி அனுப்பிய அன்று அடிக்க முடியாமல் திரும்பி வருகிற பையன், அதன் பிறகு அப்பாவிடம் எதையும் சொல்ல மாட்டான். வேனில் ஒரு தோல்வி, வீட்டில் ஒரு தோல்வி. “பொட்டப்புள்ள மாதிரி அழுவாத” என்று வேறு சொல்லியிருந்தால், அந்தப் பேச்சு வீட்டில் இன்றோடு நிற்கட்டும்.

அப்பாவுக்கு வேறு வேலை இருக்கிறது. முதுகை நிமிர்த்தி நின்று, கண்ணைப் பார்த்து, “டப்பாவ வை. அது என்னுது” என்று ஒரே ஒரு வாக்கியத்தைக் கத்தாமல் அழாமல் சொல்லிவிட்டு நகர்ந்து பெரியவர் இருக்கிற பக்கம் போகக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். இது கேட்க லேசு, செய்யக் கஷ்டம். வீட்டில் அப்பா அந்த எட்டாவது பையனாக நடிக்க வேண்டும், இவன் பத்து இருபது தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் நாள் சிரிப்புதான் வரும். நாலாவது நாள் குரல் மாறும். இதனால் தொல்லை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்பா நம்ம பக்கம் என்று அவனுக்குத் தெரியும், எனக்கு அது போதும்.

மாமியார் சொல்கிற ‘கண்டுக்காதே’ ஒரு நாள் கிண்டலுக்குப் பலிக்கும். நாளும் நடப்பதற்குப் பலிக்காது. பதில் வராவிட்டால் வரும் வரை அழுத்துவார்கள். ஹாஸ்டல் யோசனைதான் எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் சுற்றி நம் பிள்ளைகளை எந்த வருடத்தில் இருந்து, எத்தனை ஆயிரம் பேரை, மார்க்குக்காக அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். நன்றாக நடத்துகிற இடங்களும் உண்டு. ஆனால் இரண்டு மணி நேர வேன் பயணத்தைத் தாங்க முடியாத பையனுக்கு 24 மணி நேரமும் வெளியே வர முடியாத ஓர் இடம் மருந்தாகாது. வேனில் இருந்து இறங்கினால் வீடு வருகிறது, ஹாஸ்டலில் அதுவும் வராது. ஏற்கெனவே பிள்ளைகளை அங்கே விட்டிருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை போனில் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள், பிள்ளை எதையும் சொல்ல முடியாது. ‘செவலைக் கன்னு எப்படி இருக்கு?’ என்று பிள்ளை கேட்டால் ‘என்னை வந்து பாருங்க’ என்று அர்த்தம், இப்படி ஏதாவது ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட அடுத்த நாளே போய் நில்லுங்கள்.

சரி, வேனுக்கு வருகிறேன். பள்ளியில் தொல்லை எங்கே நடக்கும் என்றால் பெரியவர் கண் படாத இடத்தில். கழிப்பறை, மாடிப்படி, சாப்பாட்டு இடைவேளை. இவற்றில் எல்லாம் மணி அடித்தால் முடிந்துவிடும். வேனில் மணி கிடையாது. தோட்டம் தோட்டமாகச் சுற்றி ஏற்றிக்கொண்டு போகிற நம் பக்கத்து வேன்களில் முதலில் ஏறுகிற பிள்ளை கடைசியில்தான் இறங்கும். ஆறு வயதுக் குழந்தையும் பதினாறு வயதுப் பையனும் ஒரே கூட்டில் அடைந்து கிடப்பார்கள். டிரைவர் கண் ரோட்டில். பாட்டு சத்தமாக ஓடும். கடைசி சீட் பெரிய பசங்களின் ராஜ்ஜியம். பள்ளி வாகனத்தில் டிரைவர் தவிர ஓர் உதவியாளரும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012இல் வந்த பள்ளி வாகன விதி. பல வேன்களில் அந்த அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வருவார், வாசலில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதே தன் வேலை என்று நினைத்துக்கொண்டு. அவரைத் திட்டிப் பயனில்லை, சம்பளமும் அப்படித்தான். நீங்கள் கேட்க வேண்டியது சின்ன மாற்றங்கள்: சின்ன வகுப்புப் பிள்ளைகளும் ஆறாவது ஏழாவதும் முன்பக்கம், பெரிய பிள்ளைகள் பின்பக்கம், ஒவ்வொருவருக்கும் சீட் நிச்சயம், உதவியாளர் நடுவில் அல்லது பின்னால். இடத்தை மாற்றினாலே பாதி தொல்லை குறைவதைப் பார்த்திருக்கிறேன். செலவு ஒரு ரூபாய் கூட இல்லை.

ஏன் இடம் இவ்வளவு முக்கியம்? தனியாக யாரும் இதைச் செய்வதில்லை என்பதால்தான். பார்க்க ஆள் வேண்டும். கனடாவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் குழுவினர் டொராண்டோ பள்ளி மைதானங்களில் வீடியோவும் பிள்ளைகள் சட்டையில் மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். 2001இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, பத்தில் ஒன்பது தடவை மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் ஒரு தடவைதான் யாராவது ஒரு பிள்ளை குறுக்கே புகுந்தது. அப்படிப் புகுந்தபோது பாதிக்கு மேல் பத்தே விநாடியில் நின்றுபோனது. பத்து விநாடி! பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்பவர் இந்த வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையே பிரித்துப் பார்த்தார். கூட ஒத்தாசை செய்கிறவர்கள், சிரித்து ஏத்திவிடுகிறவர்கள், நமக்கெதுக்கு வம்பு என்று ஜன்னலைப் பார்க்கிறவர்கள், தடுக்கிறவர்கள். அந்த நாட்டில் ‘கிவா’ என்ற திட்டம் இந்தக் கூட்டத்தைத் திருப்புவதையே வேலையாக வைத்துக் கட்டப்பட்டது. உங்கள் பையனின் வேனிலும் இந்த நான்கு வகையும் இருக்கும். அந்த எட்டாவது பையனை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைகளில் ஒன்றை உங்கள் பையன் பக்கத்தில் உட்கார வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அது எப்படி என்றால், கூட்டாளி தேடிக் கொடுப்பதுதான். ஒரே ஒருவன் போதும். அதே வேனில் ஏறுகிற, ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பையன் யார் என்று பாருங்கள். அவன் அம்மாவோடு பேசுங்கள், புகார் சொல்ல வேண்டாம், சும்மா பழக்கம் பிடியுங்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் நீச்சல் பழக அப்பா கூட்டிப் போகும்போது அவனையும் சேர்த்துக்கொள்ளட்டும். உங்கள் பையன் இங்கிலீஷில் திக்கலாம், கிணற்று மேட்டில் இருந்து குதிப்பதில் டவுன் பையன்கள் இவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கூட்டாளி வந்து சண்டை போட வேண்டியதில்லை. “வாடா, இங்க எடமிருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கே அடி உதை குறைவு, ‘சேத்திக்காம’ விடுவது அதிகம். ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் நான்கு பேர் எழுந்து போவது. பிறந்தநாள் சாக்லேட் அவளுக்கு மட்டும் வராமல் போவது. ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று தள்ளாதீர்கள். 2003இல் அமெரிக்காவில் நேயோமி ஐசன்பெர்கர் குழு, பந்து போடும் ஒரு கணினி விளையாட்டில் ஒருவரை மட்டும் வேண்டுமென்றே ஒதுக்கி, அப்போது அவர் மூளையை ஸ்கேன் செய்தது. உடம்பில் அடிபட்டால் விழித்துக்கொள்கிற பகுதி அப்போதும் விழித்துக்கொண்டது.

பள்ளிக்கு எப்படிப் போவது? நான்கு பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரில் போய் இறங்காதீர்கள். பிரச்சினை பள்ளிக்கும் உங்களுக்கும் நடுவில் என்று மாறிவிடும், பையன் காணாமல் போய்விடுவான். அந்தப் பையனை வழியில் நிறுத்தி மிரட்டவும் கூடாது, அவனும் ஒரு குழந்தைதான், சட்டமும் அப்படித்தான் பார்க்கும். வாட்ஸ்அப் பெற்றோர் குரூப்பில் எழுதவே எழுதாதீர்கள். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பத்து நாள் குறிப்பு கையில் இருந்தால் ‘எப்பப் பாத்தாலும் அடிக்கறாங்க’ என்ற பேச்சுக்கு இல்லாத எடை அதற்கு வரும். காயம் இருந்தால் போட்டோ. முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் பிரின்சிபால். பேசிவிட்டு, பேசியதை ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ‘அவனுக்குத் தண்டனை கொடுங்க’ என்று ஆரம்பிக்காமல், வேனில் சீட் மாற்றம், இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஒரு ஆசிரியர், என் பையன் போய்ச் சொல்ல ஒரு குறிப்பிட்ட மிஸ், இந்த மூன்றும் என்றிலிருந்து என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே போய் ‘என்னாச்சுங்க’ என்று நில்லுங்கள். அந்த இரண்டாவது தடவை போவதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

பிரின்சிபால் ஒன்று செய்யக்கூடும். அதைச் செய்ய விடாதீர்கள். என் தப்பைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையன் இன்னொருவன் தினமும் தன்னை மண்டியிட வைப்பதாக வந்து சொன்னான். நான் இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தி, “ரெண்டு பேரும் சாரி சொல்லுங்க, கை குடுங்கடா, இனிமே பிரண்ட்ஸ்” என்றேன். கை கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்குப் பின்னால் வேலி ஓரத்தில் அவனுக்கு என்ன நடந்தது என்பது மூன்று வாரம் கழித்து அவன் பள்ளிக்கே வராமல் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சமமான இரண்டு பேர் சண்டைக்குத்தான் மத்தியஸ்தம். படுகிறவனை ‘நீயும் சாரி சொல்லு’ என்றால், பெரியவர்களும் அடிக்கிறவன் பக்கம்தான் என்று இரண்டு பேருமே புரிந்துகொள்கிறார்கள். தனித்தனியாகத்தான் பேச வேண்டும். சொன்னவன் யார் என்று தெரியாமலே பேச முடியும், ‘வேன்ல நடக்கறத நான் பாத்துட்டிருக்கேன்’ என்று ஆசிரியர் தன் பேரில் சொன்னால் போதும்.

பள்ளி அசையவில்லை என்றால்? தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான 1098 எந்நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே கூப்பிடலாம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அங்கே எழுப்புங்கள். ‘ரொம்பப் பேசுனா டிசி வாங்கிக்கங்க’ என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. அந்த எட்டாவது பையனையும் முடியாது என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியது ஒன்று இருக்கிறது. அந்த எட்டாவது பையனின் அப்பாதான் உங்கள் தறிக்குப் பாவு, அதாவது கூலிக்கு நெய்து தர வேண்டிய நூல், கொடுக்கிறவர். கேள்வியின் முடிச்சே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பையன் வேனில் வாங்குகிற தட்டுக்கும் வீட்டில் ஓடுகிற தறிக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுகிறது, அது அந்தப் பையனுக்கும் தெரியும், உங்கள் பையனுக்கும் தெரியும். “எங்கப்பா பாவு குடுக்காட்டி உங்க ஊட்ல சோறில்ல” என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டாவது படிக்கிறவனுக்கு அது தன்னால் தெரிந்திருக்காது, வீட்டில் யாரோ பேசியிருக்கிறார்கள். அதனால் நேரே அவர்கள் வீட்டுக்குப் போகாதீர்கள். போனால் நீங்கள் அம்மாவாகப் போக மாட்டீர்கள், கூலிக்காரராகப் போய் நிற்பீர்கள். பள்ளி மூலமாகவே போகட்டும். பிரின்சிபாலிடம் இதையும் மறைக்காமல் சொல்லி, ‘புகார் எங்க பேர்ல போக வேண்டாம்’ என்று கேளுங்கள். அது கோழைத்தனம் இல்லை.

பேச்சு வீட்டில் இருந்துதான் வேனுக்குப் போகிறது என்றதும் நினைவுக்கு வருவது. திருப்பூர்ப் பள்ளிகளில் இப்போது பீகார், ஒடிசாப் பிள்ளைகள் நன்றாகத் தமிழ் பேசிப் படிக்கிறார்கள். அவர்களை ‘பான்பராக்’ என்று கூப்பிடுகிற பிள்ளை அந்தச் சொல்லை எங்கே கற்றது? சாதியும் அப்படியே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டியதை நாமெல்லாம் தெற்கத்திக் கதை என்று பார்த்தோம். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தபோது, கைக்கயிறு, நெற்றிப் பொட்டு என்று பள்ளிக்குள் சாதி அடையாளம் வருவதைத் தடுக்கச் சொன்னது மாநிலம் முழுமைக்கும்தான். கொங்கு நாட்டில் கயிறு இல்லாமலே ‘நீங்க எந்த ஊர், எந்தத் தெரு’ என்ற கேள்வியில் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் பையனை யாராவது சாதி சொல்லித் திட்டினால் அதைப் பட்டப்பேர்க் கணக்கில் சேர்க்காதீர்கள், நோட்டில் தனியாக எழுதுங்கள், கடிதத்தில் முதல் வரியாக வையுங்கள். நம் பிள்ளை அப்படிப் பேசினாலும் அதே கண்டிப்பு வேண்டும்.

போன் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆறாவது பையனுக்குச் சொந்தப் போன் இல்லை என்றீர்கள், அப்படியே இருக்கட்டும். பெரிய பிள்ளைகள் அவன் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கி அனுப்பினால் அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெண்பிள்ளையின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் பள்ளிக்குப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். அது போக்சோவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வருகிற குற்றம், நேரே போலீஸ்.

இதைப் படிக்கிற வேறு சிலருக்கு. உங்கள் பிள்ளை அந்தக் கடைசி சீட்டுக்காரனாக இருக்கலாம். பள்ளியில் இருந்து கூப்பிட்டால் “என்ற பையன் அப்படியெல்லாம் பண்ணமாட்டானுங்க” என்ற வாக்கியத்தை விழுங்கிவிட்டுக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டை எடுக்காதீர்கள், பலசாலி பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற பாடத்தை இன்னொரு தடவை நடத்துகிற மாதிரி ஆகும். என்ன செய்தான் என்று அவன் வாயால் சொல்ல வைத்து, பிடுங்கித் தின்ற டப்பாவுக்குப் பதிலாகத் தன் கைக்காசில் என்ன செய்யப்போகிறான் என்று அவனையே கேளுங்கள். ஒரு மாதம் கவனியுங்கள். பல நேரம் அந்தப் பிள்ளையும் வேறெங்கோ, சிலசமயம் வீட்டிலேயே, பட்டுக்கொண்டிருக்கும். ‘என்ற பையனைக் கண்டா எல்லாரும் பயப்படுவாங்க’ என்று உறவுக்கூட்டத்தில் பெருமை பேசுகிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பள்ளியை மாற்றலாமா? கடைசியில்தான். ஆனால் வீம்புக்காக அங்கேயே வைத்திருக்கவும் வேண்டாம். எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று தடவை போய், ஒரு பருவம் முழுக்கப் பள்ளி அசையவில்லை என்றால் மாற்றுங்கள். ஊருக்குப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளிக்குத் திரும்பினால் படிப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம் இரண்டும் நின்றுபோனாலோ, “நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்” என்ற மாதிரி ஒரு வார்த்தை விளையாட்டாக வந்தாலோ, அன்றே தனியாக விடாமல் கூட இருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தோட்டத்து ஊர்களில் பூச்சி மருந்து டப்பா கட்டுத்தரை ஓரத்திலேயே கிடக்கும். அதை இன்றைக்கே பூட்டி வையுங்கள், பையன் அப்படி எதுவும் சொல்லாவிட்டாலும்.

நாளை சனிக்கிழமை. நோட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலைக்காய் உரிக்க உட்காருங்கள், வீட்டுக்காரரும் கூட இருக்கட்டும், அவர் பேசாமல் கேட்க மட்டும் சம்மதித்தால். திங்கட்கிழமை காலை வேனில் ஏற்றிவிடும்போது உதவியாளர் அம்மாவிடம் பேர் கேட்டு, ரெண்டு வார்த்தை பேசி, “இவன முன்னாடி உங்க பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க அக்கா” என்று சொல்லுங்கள். சாயங்காலம் தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.